பேய் பிரேக்

போன வாரம் உச்சி வெயிலில் அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றிருந்தேன். வரிக்குதிரை மாதிரி கறுப்பு வெள்ளை ஸ்டிக்கர் சுற்றிய ஒரு கார் பக்கத்தில் வந்து நின்றது. பெயர் இல்லை, லோகோ இல்லை.

"ஏறுங்கண்ணே, கே.கே. நகர்ல எறக்கி விடுறேன். வெளியில சொல்லிராதீங்க!"

எங்கள் தெருக்காரர் பாண்டி. கார் கம்பெனியில் டெஸ்ட் டிரைவர். (வெளியில் சொல்லிவிட்டேன்... அதனால் பாண்டி என்பது அவர் பெயர் இல்லை.)

இந்த காம்பாக்ட் எஸ்யூவி எப்படிப் பிறக்கிறது தெரியுமா? ஏற்கெனவே ஓடுகிற சின்னக் காரின் அடிப்பாகத்தை எடுத்து, கொஞ்சம் தூக்கி, மேலே ஜீப் வேஷம் கட்டுகிறார்கள். அப்புறம் பெயர் வைக்காமலே வெயிலிலும் குழியிலும் ஓடவிடுகிறார்கள். மதுரை வெயில் அதற்கு ரொம்பத் தோது! குறுக்கே ஆள் வந்தால் தானாக பிரேக் போடவும் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

ரிங் ரோடு ஏறினோம். பின்சீட் காலி. ரோட்டில் ஈ காக்கா இல்லை.

சடார்! கார் தானாக நின்றது. ஸ்டியரிங் பக்கத்துத் திரையில், எங்களுக்கு நேர் முன்னால், சிவப்பாக ஒரு மனித உருவம். கண்ணாடிக்கு வெளியே — வெறும் ரோடு.

பாண்டியைப் பார்த்தேன். "என்னய்யா இது?"

"எஞ்சினியருங்க இதுக்கு பேய் பிரேக்னு பேரு வச்சிருக்காய்ங்க. மொதல்ல, திருஷ்டிக்கு நான் கட்டின எலுமிச்சம்பழத்தத்தான் சந்தேகப்பட்டாய்ங்க. சென்சார மறைக்குதாம். அவுத்துட்டேன். அப்பவும் இதே எடத்துலதாண்ணே நிக்கிது."

பேயை விரட்டக் கட்டிய பழமே பேயைக் கூட்டி வந்ததா! சிரிக்கலாம் என்று திரும்பினேன். பாண்டி அழுதுகொண்டிருந்தார்.

"இங்கனதாண்ணே என் தம்பி பைக்கோட விழுந்து செத்தான். எம்புட்டுச் சொன்னாலும் ஹெல்மெட் போட மாட்டான்."

போன் அடித்தது. ஸ்பீக்கரில் எஞ்சினியர்.

"பாண்டி, மறுபடியும் அதே எடமா? வெயில்ல கேமரா படம் ஒண்ணும் தெரியல, நீங்கதான் சொல்லணும். ஆள் இல்லைன்னா சொல்லுங்க, இனிமே இங்க நிக்காதபடி மாத்திருவோம். யாராச்சும் நின்னாங்களா?"

பொய் சொல்லி மாட்டினால் வேலை போய்விடும். 'இல்லை' என்றால்... இந்த ஊரில் அவர் தம்பிக்காக நிற்கிற ஒரே வண்டியும் இனி நிற்காது. என்ன சொல்வார் மனுஷன்?

பாண்டி ரோட்டையே பார்த்தார்.

"நின்னான், சார்."

அவர் கேட்டது 'நின்னாங்களா'. இவர் சொன்னது 'நின்னான்'. எஞ்சினியர் கவனித்தாரோ என்னவோ, போனை வைத்துவிட்டார்.

திரையில் அந்த உருவம் மெல்ல ஒதுங்கி, காரின் இடப்பக்கமாக வந்து மறைந்தது. வண்டி கிளம்பியது. உடனே பீப்... பீப்... பின்சீட்டில் பெல்ட் போடவில்லையாம்!

பாண்டி திரும்பவே இல்லை. "பெல்ட்டப் போடுடா" என்றார்.

பீப் நின்றது.

திரும்பிப் பார்க்கிற தைரியம் எனக்கு ஏது? என் பெல்ட்டைத்தான் ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டேன்.