கீரிக் கதையில் நான் வெட்டிய வரிகள்

நீங்க சிரிப்பீங்கன்னு தெரியும், சிரிங்க. காத்து கருப்புன்னு யாராவது பேச ஆரம்பிச்சா எந்திரிச்சுப் போற ஆளுதான் நானும். ஆனா இது பட்டப்பகல்ல, வகுப்பு நிறையப் பிள்ளைங்க இருக்கையில நடந்துச்சு.

எண்பதுகள்ல மதுரையில ஒரு டுடோரியல்ல இங்கிலீஷ் எடுத்தேன். எல்லாம் பத்தாவதுல கோட்டை விட்ட பிள்ளைங்க. வாசிச்சுப் பழக ஒரு சின்னப் புத்தகம் போடலாம்னு, எங்கிட்ட இருந்த பழைய புத்தகத்துல இருந்து ஒரு கதைய எடுத்தேன். நம்ம கீரிக் கதைதான், அந்தக் காலத்துலயே ஒரு வெள்ளைக்காரர் இங்கிலீஷ்ல எழுதி வச்சது. தண்ணிக்குப் போன அம்மா திரும்பி வாரா, வாசல்ல அவ வளர்த்த கீரி வாயெல்லாம் ரத்தமா நிக்குது, பிள்ளையக் கடிச்சிருச்சுன்னு நெனச்சு குடத்த அது தலையில போட்டுக் கொன்னுர்றா. அப்புறம் உள்ள போனா தொட்டில்ல பிள்ளை சிரிக்குது, கீழ பாம்பு துண்டு துண்டாக் கெடக்குது.

அச்சுக் கோக்குற அண்ணன் வந்து, "சார், கொஞ்சம் வரி கூடிப்போச்சு. இதுக்காக இன்னொரு தாள் ஓட்டணுமா?"ன்னாரு.

நான் யோசிக்கவே இல்ல. "குடத்தப் போட்டதோட நிப்பாட்டுங்கண்ணே, மிச்சந்தான் எல்லாருக்கும் தெரியுமே."

"கீரி பாவம் சார்."

"அம்புட்டுப் பாவம் பாத்தா புத்தகம் வராதுண்ணே"ன்னு சிரிச்சேன். அந்தச் சிரிப்ப நெனச்சா இன்னைக்கும் கூசுது.

புத்தகம் வந்துச்சு. உசிலம்பட்டியில இருந்து வர்ற ஒரு பொண்ண வாசிக்கச் சொன்னேன். எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கும், பாவம். திக்கித் திணறி குடம் விழுற எடத்துக்கு வந்துருச்சு, நானும் "உக்காரும்மா"ன்னேன். அது உக்காரல. பக்கத்தப் பாத்தபடியே மேல வாசிக்குது, தங்குதடை இல்லாம, நான் வெட்டுன அதே வரிங்க, அந்த வெள்ளைக்காரரோட அதே பழங்கால இங்கிலீஷ். அந்தப் பழைய புத்தகமோ கோச்சடையில எங்க வீட்டு அலமாரியில பூட்டிக் கெடக்கு.

வெடுக்குன்னு புத்தகத்த வாங்கிப் பாத்தேன். குடத்துக்குக் கீழ வெறும் தாளு. "எதப் பாத்தும்மா வாசிச்ச?"

"இதுல இருந்ததத்தான் சார்"னு கண்ணத் தொடச்சுக்கிருச்சு.

டவுன் பஸ் பிடிச்சு வீட்டுக்கு ஓடி அலமாரியத் தொறந்தேன். நம்புனா நம்புங்க, அந்தப் பழைய புத்தகத்துலயும் கதை குடத்தோட நிக்குது. கிழிசல் இல்ல, அழிச்ச தடம் இல்ல, அடுத்த பக்கத்துல வேற கதை. மனப்பாடமாத் தெரிஞ்ச வரிங்க, ஒண்ணுகூட ஞாபகம் வரல, இன்னைக்கு வரைக்கும் வரல.

அந்தக் கீரி மேல தப்பில்லன்னு நான் வாயால சொன்னாத்தான் உண்டு. அதான் பாக்குறவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறேன். புத்தகத்துல அந்த அம்மா இன்னும் வாசல்லயே நிக்கிறா, உள்ள போக விடாமப் பண்ணுனது நானு. தொட்டில்ல பிள்ளை சிரிக்குதுன்னு உங்ககிட்டச் சொல்லிட்டேன், ஆனா தனியா உக்காந்து அந்தப் பக்கத்தப் பாக்கையில எனக்கே அது நிச்சயமாத் தெரியல.