மூன்று தாள்களில் ஒரே உயரம்

கல்யாணமான இரண்டாவது வருஷம், அறுபதுகளின் நடுவில், சாரல் சமயமாகப் பார்த்து லீவு போட்டுவிட்டு பம்பாயிலிருந்து தென்காசிக்கு, மாமனார் வீட்டுக்கு வந்திருந்தேன். அணு உலையிலிருந்து வரும் நியூட்ரான்களை ஒரு மாங்கனீசு சேர்மத்தின் மேல் பாய்ச்சி, எந்தெந்தக் கோணத்தில் எத்தனை சிதறுகின்றன என்று பதிவு செய்வது அப்போது என் வேலை. அந்தச் சேர்மத்தில் மாங்கனீசு அணு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். குளிர வைத்தால் அவை எந்த ஒழுங்கில் நிற்கின்றன என்பதை நியூட்ரான் காட்டிக்கொடுக்கும்.

எண்களை வரைபடத் தாளில் குறிப்பது பாக்கி இருந்தது. என் மனைவி எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள், கணக்கில் கெட்டி. குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்த ஒரு மத்தியானம், ஈரத்தலையோடு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் வாசிக்க வாசிக்கப் புள்ளி வைத்தாள். சிதறல் கூடிய கோணங்களில் புள்ளிகள் மேடாக எழுந்தன; அதில் ஒரு சின்ன மேட்டை வழக்கம்போல் பேனாவால் அடித்துவிட்டேன். சாரல் காற்றில் நமுத்துச் சுருண்ட தாளின் மேல் டம்ளர்களை வைத்திருந்தோம்.

"இந்தச் சின்ன மேட்ட மட்டும் ஏன் அடிச்சிருக்கிய?"

"அது பனி. குளிர வைக்கும்போது ஈரம் உள்ள போயி உறைஞ்சிருக்கும். அத விட்டுரு."

அவள் விடவில்லை. முன்பு குறித்த இரண்டு தாள்களையும் எடுத்து, மூன்றையும் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். வெவ்வேறு வாரங்களில், ஒவ்வொரு முறையும் புதிதாகக் குளிர வைத்து எடுத்தவை அவை.

"மூணுலயும் ஒரே உசரமால்லா இருக்கு. பனின்னா ஒரு நாள் கூடவும் ஒரு நாள் கொறச்சலும் விழாதா?"

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு பென்சிலை வாங்கிக் கணக்குப் போட்டேன். குட்டிக் காந்தங்கள் ஒன்று மேலே, அடுத்தது கீழே என்று மாறி மாறி நின்றால், அதே ஒழுங்கு திரும்ப வர இரண்டு மடங்கு தூரம் ஆகும். அந்த இரட்டைத் தூரத்துக்குரிய கோணத்தில்தான் மேடு இருந்தது. இரண்டு மாதமாக நான் தேடியதை நானே அடித்து வைத்திருந்தேன்.

பம்பாய் திரும்பி, ஈரம் துளியும் இல்லாமல் பார்த்துக்கொண்டு மறுபடி அளந்தேன். மேடு அப்படியே இருந்தது. சூடேற்றி, காந்தங்களின் ஒழுங்கு குலைந்ததும் மறைந்தது.

இதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையின் முடிவில் அவளுக்கு நன்றி எழுதியிருந்தேன். "வீட்டுக்காரிக்கெல்லாமா?" என்று மேலதிகாரி சிரித்தார். அந்த வரியை எடுத்துவிட்டேன்.

அச்சான பிரதியில் அவள் முதலில் படத்தைத்தான் பார்த்தாள். "மேட்டப் போட்டுட்டிய" என்றாள். பிறகு கடைசிப் பக்கத்து நன்றிகளை மெதுவாக வாசித்து முடித்து, ஒன்றும் கேட்காமல் மூடி வைத்தாள். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.