துரைசானியைத் தூக்க வராதவர்கள்

சித்தூரில் பெரிய மனிதர் என்று பெயரெடுத்த பலர் அந்தக் காலத்தில் என் கையால் சுட்ட வடையைத் தின்றவர்கள்தான். அவர்களில் ஒருவருக்கும் என் முகம் தெரியாது. எனக்குக் கூச்சம் அதிகம். கதவுக்குப் பின்னால் நின்று தட்டை நீட்டுவேன், தட்டு மட்டும் உள்ளே போகும். அவர்கள் விருந்துக்கு வந்த பங்களாவில் நான் சமையல், என் வீட்டுக்காரர் தோட்டக்காரர்.

எஜமானி ஜெர்மனியில் பிறந்தவர். இங்கிலீஷ்காரி இல்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பார்த்தார், பிறகு சலித்து விட்டுவிட்டார். ஊரே துரைசானி என்றது, நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு எழுதுவது அவர் தொழில். ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்த சமயத்தில், சித்தூர் யாருக்கு, திருத்தணி யாருக்கு என்று கூட்டமும் கூச்சலுமாக இருந்தது. அதை எழுத வந்தவர் திரும்பிப் போகாமல் இங்கேயே தங்கிவிட்டார்.

அவர் வீட்டில் அடிக்கடி விருந்து நடக்கும். கிராமபோன் பாடும், சீட்டாடுவார்கள். தமிழ் வக்கீல்கள் முன் அறையில் உட்கார்ந்தால் தெலுங்கு வக்கீல்கள் பின் வராந்தாவில் உட்காருவார்கள். ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்க்கமாட்டார்கள். துரைசானி சிகரெட்டும் கையுமாக இங்கே கொஞ்சம் சிரிப்பார், அங்கே கொஞ்சம் சிரிப்பார். சித்தூர் எங்களுடையது என்று எழுதுங்கள் என்று இவர்களும் கேட்பார்கள், அவர்களும் கேட்பார்கள். சட்னி மட்டும் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அம்மியில் அரைத்தது.

துரைசானிக்குத் தெலுங்கு பாதி, தமிழ் பாதி வரும். என்னை அம்மாயி என்றுதான் கூப்பிடுவார், தெலுங்கில் பெண் என்று அர்த்தம். ஒரு நாள் சமையலறைக்கு வந்து, உன் ஊர் எந்தப் பக்கம் என்று கேட்டார். அம்மா வீடு திருத்தணிப் பக்கம், மாமியார் வீடு நகரிப் பக்கம் என்றேன். என் இடுப்பில் விரலை வைத்து, "அப்போ கோடு இங்க வெட்டும்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுபோய், தன் தேசத்தையும் அப்படித்தான் நடுவில் பிரித்துவிட்டார்கள், தான் பிறந்த வீடு இருக்கிற பக்கத்துக்குத் தன்னால் போகமுடியாது என்றார்.

அதைத்தான் எழுதினார். சமையல்காரிக்கு அம்மா ஒரு ராஜ்யத்தில், மாமியார் இன்னொரு ராஜ்யத்தில் ஆகப்போகிறார்கள், கோடு போடச் சொல்கிறவர்கள் தன் வீட்டில் தினம் சாப்பிடுகிறார்கள், ஒருவர்கூட அவளை ஒரு வார்த்தை கேட்டதில்லை என்று எழுதினாராம். யாரோ அதை இரண்டு பாஷையிலும் பெயர்த்து இங்கே பரப்பினார்கள். தமிழர் பக்கம் சாய்ந்துவிட்டாள் என்று தெலுங்குக்காரர்களுக்குக் கோபம். தெலுங்கர் பக்கம் சாய்ந்துவிட்டாள் என்று தமிழர்களுக்குக் கோபம். அதைப் படித்த பிறகாவது சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்து, அந்தப் பொம்பிளை நீதானா என்று யாராவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

வருகிறவர்கள் குறைந்தார்கள். கொஞ்ச காலத்தில் எல்லையும் தீர்ந்தது. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது, நகரியும் சித்தூரும் ஆந்திராவிலேயே நின்றன. அதற்குப் பிறகு துரைசானி யாருக்கும் தேவைப்படவில்லை. பங்களாவை விட்டுவிட்டுத் திருப்பதியில் அலிபிரி போகிற வழியில் ஒரு சின்ன வீட்டுக்கு வந்தார். எங்களையும் கூட்டி வந்தார்.

அந்த வீட்டில் என் மகளுக்கு டைபாயிட் வந்தது. பிள்ளை பிழைத்தால் மலையில் முடி கொடுக்கிறேன் என்று மஞ்சள் துணியில் காசு முடிந்து வேண்டிக்கொண்டேன். துரைசானி பார்த்துக்கொண்டே இருந்தவர், தன் கைக்குட்டையிலும் ஒரு காசை முடிந்து, "நானும் தரேன்" என்றார். விளையாட்டு என்று நினைத்தேன். பிள்ளை எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்ட வாரமே, எப்போது போகலாம் என்று என்னைத் துளைத்தார்.

அலிபிரியிலிருந்து நடந்தே ஏறினோம். முடி இறக்குகிற இடத்தில் நாவிதர் கத்தியை வைத்துக்கொண்டு தயங்கினார். இந்தம்மாவுக்கு என்ன வேண்டுதல் என்று என்னிடம் கேட்டார். எனக்கு முந்தித் துரைசானியே, "பாப்பா பொழைச்சுக்கிச்சு" என்றார். செம்பட்டையும் நரையுமாக இருந்த முடி மடியில் விழுந்தது. வேறு மதத்துக்காரர் சாமி பார்க்க வேண்டுமானால், நம்பிக்கையோடு வருகிறேன் என்று கையெழுத்துப் போடவேண்டும். அதையும் போட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த மொட்டைத் தலையோடு வழக்கம்போல் சர்ச்சுக்கும் போனார். அங்கே யாரும் பக்கத்தில் உட்காரவில்லை என்று வந்து சிரித்தபடியே சொன்னார்.

எங்கள் தெரு வழியாகச் சாவு போனால் துரைசானி வாசலுக்கு வந்து நின்றுவிடுவார். பம்பை, பூ, தோள் மாற்றித் தூக்குகிறவர்கள் எல்லாவற்றையும் வைத்த கண் வாங்காமல் பார்ப்பார். இருமல் முற்றியிருந்த சமயம், அப்படி ஒரு சாவு போன பிறகு என்னைக் கேட்டார்.

"அம்மாயி, நான் செத்தா தூக்க யாரு வருவாங்க?"

"வராம எங்க போவாங்கம்மா? உங்க வூட்ல துன்னவங்க ஒருத்தரா ரெண்டு பேரா?"

"அனாதைப் பொணம் மாதிரி வண்டில போடக் கூடாது. உங்க ஆளுங்க மாதிரி தோள்ல தூக்கினு போகணும். பூ போடணும்."

அவ்வளவுதான் அவர் என்னிடம் கேட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம் உயிர் போனது. என் வீட்டுக்காரர் முதலில் சர்ச்சுக்கு ஓடினார். மலைக்குப் போய் முடி கொடுத்துக் கையெழுத்தும் போட்ட பொம்பிளைக்கு தங்கள் கல்லறைத் தோட்டத்தில் இடம் இல்லை என்று அங்கே இருந்தவர் சொல்லிவிட்டார். நகரியிலிருந்து வந்திருந்த என் மச்சாண்டாரைக் கேட்டோம், வீட்டுக்காரரின் அண்ணன். எங்கள் ஜனங்களின் சுடுகாட்டில் ஒரு மூலை போதும் என்றோம்.

"இன்னாடா பேசற? சர்ச்சுக்குப் போய்க்கினு இருந்தவளை நம்ம நைனா பக்கத்துல வெக்கறதா? ஊரு ஒத்துக்குமா?" என்றார்.

"நம்ம கொயந்தைக்காக முடி குடுத்தாங்கண்ணா."

"குடுத்தா? சாதி வந்துடுமா?"

மலைக்குப் போனதால் அங்கே இல்லை, சர்ச்சுக்குப் போனதால் இங்கே இல்லை. இரண்டு இடத்துக்கும் போனவர் என்பதால் இரண்டு இடமும் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

சித்தூர் நண்பர்கள் வந்தால் அதிகாரிகளிடம் சொல்லி ஏதாவது ஒரு இடம் வாங்கித் தருவார்கள் என்று என் வீட்டுக்காரர் பஸ் ஏறினார். ஒரு வக்கீலுக்குக் கேஸ் இருந்தது. இன்னொருவர் குளித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். இவர் வாசல் கேட் பக்கத்திலேயே நின்றார், அவர் குளித்து முடிக்கவே இல்லை. மூன்றாவது வீட்டில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, அடடா, எப்பேர்ப்பட்ட பொம்பிளை என்று கண் கலங்கி, வீட்டில் கல்யாணம் வைத்திருப்பதால் சாவுக்கு வரக்கூடாதே என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் மறுநாள் வரைதான் வைத்திருந்தார்கள். முனிசிபாலிட்டி கைவண்டி வந்தது. எது வேண்டாம் என்று சொன்னாரோ அதேதான். தோள் கொடுக்க என் வீட்டுக்காரர் ஒருவர்தான் இருந்தார், ஒரு ஆளால் எப்படித் தூக்கமுடியும். எங்கள் ஜனத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. வாசலோடு நின்று அழுது திரும்பிவிட வேண்டும். நான் திரும்பவில்லை. சந்தையில் மல்லியும் சாமந்தியும் வாங்கி மடியில் கட்டிக்கொண்டு, ரயில்வே கேட்டைத் தாண்டி அனாதைப் பிணங்களைப் புதைக்கிற இடம் வரைக்கும் வண்டிக்குப் பின்னால் நடந்தேன். வழியெல்லாம் கடைக்காரர்கள் எழுந்து நின்று என்னை வேடிக்கை பார்த்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு பூவை உதிர்த்துப் போட்டுக்கொண்டே போனேன்.

புதைத்துவிட்டு வந்து குளித்து முடித்தபோது, சித்தூர் பஸ் கண்டக்டர் ஒரு ரோஜா மாலையைக் கொண்டுவந்து கொடுத்தார். கல்யாண வீட்டுக்காரர் அனுப்பியது. பாதி வாடியிருந்தது. மாட்டுக்குப் போட்டேன்.

அதற்குப் பிறகு என் மாமியார் வீட்டில் வெகு காலம் என்னைக் கல்யாணக் காரியத்தில் கை வைக்க விடவில்லை. சுடுகாடு போனவள் மணையைத் தொடாதே என்பார்கள். போனால் போகிறது.

சில வருஷம் கழித்து, அந்தக் காலத்தில் விருந்துக்கு வந்த சித்தூர்க்காரர்கள் சிலர் ஒரு காரில் வந்து இறங்கினார்கள். சித்தூர் கிளப்பில் துரைசானிக்கு நினைவுக் கூட்டம் போட்டார்களாம், அழுதார்களாம், கல் ஒன்று நட முடிவு செய்தார்களாம். இடத்தைக் காட்டச் சொன்னார்கள். கூட்டிப்போனேன். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு நின்றவர்கள், கல்லில் எந்தப் பாஷையில் எழுதுவது என்று ஆரம்பித்தார்கள். இது ஆந்திரா, தெலுங்குதான் என்றார் ஒருவர். அவருக்குச் சமைத்துப் போட்டது யார், கடைசி வரை கூட இருந்தது யார், தமிழில் போடு என்றார் இன்னொருவர். என் பேரில்தான் சண்டை, நான் நாலடி தூரத்தில் நிற்கிறேன், யாரும் திரும்பவில்லை. அப்படியானால் இங்கிலீஷ் என்றார் மூன்றாமவர். அவர் இங்கிலீஷ்காரி இல்லை என்று நான் வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். குரல் ஏறிக்கொண்டே போய், கிளப்பில் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் என்று முடிந்தது.

அந்தக் கல் இன்னும் வரவில்லை.

காரில் ஏறுவதற்கு முன் பெரியவர் ஒருவர் என் பக்கம் திரும்பினார். அன்றுதான் முதல் தடவையாக அவர்களில் ஒருவர் என் முகத்தைப் பார்த்தது.

"ஏம்மா, சுடுகாட்டு மண்ணு, கால் கழுவணும். உன் வூட்ல ஒரு சொம்பு தண்ணி கெடைக்குமா?"

"கெடைக்காதுங்க" என்றேன்.