‘வென்ன தென்ன’வுக்குத் தமிழ் கிடைத்த நாள்

1. என் மைக்

மேடையில் மொழிபெயர்க்க வரும் பிள்ளைகளுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் கைதட்டல் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். எனக்கு அந்தக் கன்வென்ஷனில் கிடைத்த கைதட்டல் கொஞ்சநஞ்சமல்ல!

கொட்டாஞ்சேனையில் ஒரு சபை, மூன்று நாள் கூட்டம். பேச வந்தவர் நுகேகொடையைச் சேர்ந்த சிங்களப் பாஸ்டர், பெயர் ரஞ்சித். அவர் ஒரு வசனம், அதாவது ஒரு வாக்கியம், சொல்லி நிறுத்துவார். நான் அதைத் தமிழில் சொல்வேன். பிறகு அவர் அடுத்ததைச் சொல்வார். தொழில் பாஷையில் இதற்குக் கன்செகியூட்டிவ் என்று பெயர். தொழில் வழக்குகளில் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நின்று இதே வேலையைப் பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அங்கே ஒரு சொல்லைக் கூட்டிச் சொன்னால் வக்கீல் எழும்பிவிடுவார். சபை மேடையில் அப்படி யாரும் எழும்புவதில்லை. அதனால் அங்கே ஏறினால் எனக்குக் கால் தரையில் படாது.

பாஸ்டர் ரஞ்சித் மெதுவாகப் பேசுகிற மனிதர். மைக்கை வாய்க்குக் கிட்டே பிடிக்கவும் மாட்டார். நான் சவுண்ட் பார்க்கிறவரிடம் போய், "என்ட மைக்க கொஞ்சம் கூட்டி வைங்க, தமிழ் ஆக்களுக்கு விளங்க வேணுமே" என்று சொல்லிவிட்டுத்தான் மேடை ஏறினேன். வெல்லவத்தையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு அந்தப் படியிலேயே பறந்துவிட்டது.

தலைப்பு, பரிசுத்தமாகுதல். முதல் இரண்டு நாளும் பாஸ்டர் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். நம்மை நாமே கழுவிப் பார்க்கிறோம், கறை போவதில்லை. அது தேவனுடைய கிருபை செய்கிற வேலை. அவருடைய கையில் நம்மைக் கொடுத்துவிட்டு நிற்பதுதான் நம்முடைய பங்கு. இப்படிச் சொல்லிக்கொண்டே வந்து ஒவ்வொரு தடவையும் இரண்டே சொல்லில் முடிப்பார்: "வென்ன தென்ன." சிங்களத்தில் அது வீட்டிலும் கடையிலும் புழங்குகிற சாதாரணப் பேச்சு. நடக்க விடுங்கள், ஆக விடுங்கள், அவ்வளவுதான்.

‘பரிசுத்தமாக விடுங்கள்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூட்டம் எழும்பவேண்டிய இடத்தில் இப்படிச் சப்பென்று ஒரு சொல்லா? நான் கையை உயர்த்தி, "உங்களைப் பரிசுத்தமாக்கிக்கொள்ளுங்கள்!" என்று முழங்கினேன். கூட்டம் அப்படியே எழும்பி ஆமென் சொன்னது. முன்வரிசைப் பெண்கள் கைதட்டினார்கள். பாஸ்டருக்குத் தமிழ் தெரியாது. சனங்களின் உற்சாகத்தைப் பார்த்து அவருக்கும் சந்தோஷம். கூட்டம் முடிந்ததும், "ஹரி ஷோக், நங்கி!" என்று என்னைப் பாராட்டினார். ‘பிரமாதம், தங்கச்சி’ என்று அர்த்தம்.

மற்ற வசனங்களையெல்லாம் நான் ஒழுங்காகத்தான் சொன்னேன். ஆனால் சனங்கள் வீட்டுக்கு எடுத்துப்போவது கடைசிச் சொல்லை. இரண்டாம் நாள் இரவு அந்தக் கடைசிச் சொல்லை யாரோ வீடியோ எடுத்து வட்ஸ்அப்பில் போட்டிருந்தார்கள். என் தங்கை கனடாவிலிருந்து அதை எனக்கே அனுப்பியிருந்தாள். நான் எத்தனை தடவை போட்டுப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

2. த்ரீவீல் ஸ்டாண்ட்

மூன்றாம் நாள் பின்னேரம் பஸ்ஸை விட்டு இறங்கி மண்டபத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். சந்தியில் த்ரீவீல் ஸ்டாண்ட், ஆட்டோக்கள் வரிசையாக நிற்கும். அதிலிருந்து ஒரு டிரைவர், "அக்கா, மொழிபெயர்க்கிற அக்கா!" என்று கூப்பிட்டார். பெயர் ஸ்டான்லி. ஜிந்துப்பிட்டிப் பக்கம் வீடு, நாற்பது வயது கடந்திருக்கும். இரண்டு நாளும் மண்டபத்துக்கு வெளியே தன் வண்டியில் இருந்தபடியே ஸ்பீக்கரில் கேட்டாராம்.

"இண்டைக்கு வரல்ல அக்கா. அதச் சொல்லத்தான் கூப்பிட்டன்."

"ஏன் தம்பி, கடைசி நாள்தான் விசேஷம்!"

"நீங்க சொல்றத நான் எத்தினயோ தரம் செஞ்சிட்டன். ஒவ்வொரு கன்வென்ஷனுக்கும் ஆண்டவருக்கு முன்னால சத்தியம் பண்றன். இனிக் கத்த மாட்டன், கை ஓங்க மாட்டன், என்ன நானே சுத்தமாக்கிக்கொள்றன் எண்டு. ஒரு கிழம தாங்காது. போன மாசம் மகள்ட போனப் பறிச்சு சுவத்தில அடிச்சன். சுக்குநூறு. அவ தெமட்டகொடையில பெரியம்மா வீட்டுக்குப் போயிட்டா. என்னோட கதைக்கிறல்ல."

அவருடைய மனைவி காலமாகிவிட்டார். வீட்டில் இருந்தது அப்பாவும் மகள் ஷெரினும் மட்டும்தான். இப்போது அவளும் இல்லை.

"ஆக்கிக்கொள்ளக்கூடிய ஆக்கள் உள்ள இருக்கட்டும் அக்கா. எனக்கு ஏலாது. நான் ஆக்கள ஏத்தி ஹயர் ஓடுறன்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் மொழிபெயர்ப்பைக் கேட்டு ஒருவர் திரும்பிப் போவதா? "இங்க பாருங்க தம்பி, எத்தின பேர் எழும்பி ஆமென் சொல்றாங்க" என்று போனை எடுத்து அந்த வீடியோவைப் போட்டேன். மேடைக்கு மிகக் கிட்டே இருந்து எடுத்த வீடியோ அது. அதனால் பாஸ்டரின் மெல்லிய குரலும் அதில் தெளிவாகக் கேட்டது. "வென்ன தென்ன" என்றார் அவர். அடுத்த நொடி என் முழக்கம்.

வெளி ஸ்பீக்கரில் ஸ்டான்லிக்கு இரண்டு நாளும் கேட்டது என் குரல் மட்டும். என் மைக்கைக் கூட்டச் சொல்லி பாஸ்டரின் குரலை நான்தான் அமுக்கி வைத்திருந்தேனே! கொழும்பில் த்ரீவீல் ஓடுகிறவருக்குச் சிங்களம் தெரியாமலா இருக்கும்? வீடியோவை இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன்.

"வென்ன தென்ன எண்டல்லவா அந்த மனுசன் சொல்றார்? விடச் சொல்றார் அக்கா! நீங்க ஆக்கிக்கொள்ளச் சொல்றீங்க! ரெண்டும் ஒண்டா?"

அவருக்குக் கோபம் வந்தது. அது எவ்வளவு வேகமாக வருகிறது என்பதைக் கண்ணால் கண்டேன். கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது, குரல் சந்தி முழுக்கக் கேட்டது. "அந்த மனுசன் ரெண்டு நாளா எனக்கெண்டே சொல்லியிருக்கிறார், நீங்க நடுவில நிண்டு தடுத்திட்டீங்களே!" என்று வண்டியின் கூரையில் ஓங்கி அடித்தார். ஸ்டாண்டிலிருந்த மற்ற டிரைவர்கள் ஓடிவந்து அவர் தோளைப் பிடித்தார்கள்.

"விடு ஸ்டான்லி, விடு! விடு மச்சான், விடு!"

அந்த இடத்தில் எனக்கு மயிர் கூச்செறிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பயத்தினால் இல்லை! மேடையில் நான் வாயில் வைக்கவே கூசிய சொல்லை அந்தச் சந்தியில் நாலு பேர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். அதுவா சப்பென்ற சொல்? கோபத்தில் இறுகிப்போன ஒரு மனிதனிடம் தமிழில் சொல்லக்கூடிய ஒரே சொல் அதுதான். பிடித்திருப்பதை விடு என்பதும் அதுதான், இன்னொருவரைச் செய்ய விடு என்பதும் அதுதான்.

"தம்பி, வாங்க உள்ளுக்கு! இண்டைக்குச் சரியாச் சொல்லுவன்!" என்று கத்திவிட்டு, செருப்பு கழன்றதைக்கூடப் பாராமல் மண்டபத்துக்கு ஓடினேன். பிறகு திரும்பிவந்து செருப்பை எடுத்துக்கொண்டு மறுபடி ஓடினேன்.

3. கடைசி நாள்

பாஸ்டர் பக்க அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க நடந்ததைச் சிங்களத்தில் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நங்கி, நீ அதை இன்னும் நல்லாக்கப் பார்த்தாய். நாம் எல்லாரும் நம்மையும் அப்படித்தான் செய்கிறோம்" என்றார். அது எனக்குத் தைத்தது. அவர் சொன்ன பிரசங்கம் முழுவதும் எனக்கும்தான் என்று அப்போதுதான் விளங்கியது. இரண்டு நாளும் அதை மற்றவர்களுக்கு விநியோகித்துவிட்டு நான் வெறுங்கையோடு பஸ் ஏறியிருக்கிறேன்!

சவுண்ட் பார்க்கிறவரிடம் போய் என் மைக்கைக் குறைக்கச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

பாஸ்டர் பேச ஆரம்பித்தார். அந்த இடம் வந்தது. "வென்ன தென்ன" என்று சொல்லிவிட்டு எனக்காக நின்றார்.

நான் மேடையில் ஒருபோதும் என் சொந்தப் பேச்சைப் பேசியதில்லை, அது எங்கள் தொழிலில் ஆகாது. அன்று பேசினேன். "சகோதர சகோதரிகளே, ரெண்டு நாளா நான் உங்களுக்கு இந்தச் சொல்லப் பிழையாச் சொல்லிட்டன். பாஸ்டர் ‘ஆக்கிக்கொள்ளுங்க’ எண்டு சொல்லவே இல்ல. அவர் சொல்றது வேற. விடுங்க. உங்களப் பிடிச்சுக்கொண்டு நிக்காதீங்க, விடுங்க. ஆண்டவர் செய்யட்டும், செய்ய விடுங்க."

ஒரு ஆமென்கூட வரவில்லை. அப்போது பின்வாசலிலிருந்து ஒரு குரல்.

"இத முதல் நாளே சொல்லியிருக்கலாமே அக்கா!"

ஸ்டான்லி! ஹயர் ஓடவில்லை, வந்து நிற்கிறார்! கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே பலர் கண்ணைத் துடைத்தார்கள். பாஸ்டர் என் பக்கம் சாய்ந்து, "மொகத கிவ்வே?" என்று, என்ன சொன்னார் எனக் கேட்டார். ஸ்டான்லி சொன்னதைச் சிங்களத்தில் சொன்னேன். அவரும் சிரித்துவிட்டு, "இன்றைக்கும் நேரம் இருக்கிறது என்று சொல்" என்றார்.

"இண்டைக்கும் நேரம் இருக்கு" என்றேன். அதற்கு மேல் ஒரு எழுத்துக்கூடச் சேர்க்கவில்லை.

ஸ்டான்லி முன்னுக்கு வரவில்லை. நின்ற இடத்திலேயே, இரண்டு கையையும் விரித்துத் தொங்கவிட்டபடி, கூட்டம் முடியும்வரை அழுதுகொண்டு நின்றார்.

4. தெமட்டகொடை

வெளியே வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. ஸ்டான்லி வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தார்.

"அக்கா, மகளிட்டப் போறன். நீங்களும் வாங்க. எனக்குக் கதைக்கத் தெரியாது, கத்தத்தான் தெரியும். நான் சொல்றத நீங்க அவவுக்கு நல்லாச் சொல்லுங்க."

தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்ட ஒரே ஆள் ஸ்டான்லிதான். ஏறி உட்கார்ந்துவிட்டேன். வழி நெடுக மனதுக்குள் வசனம் வசனமாகத் தயார் பண்ணிக்கொண்டு போனேன். அப்பாவின் அன்பு, மன்னிப்பு, புது வாழ்வு என்று அருமையான வசனங்கள்.

ரயில் பாதைக்குப் பின்பக்கம் ஒரு சின்ன வீடு, கிறில் கதவு. பதினேழு வயது ஷெரின் உள்ளே நின்றாள். கதவைத் திறக்கவில்லை.

"திரும்பவும் சத்தியம் பண்ண வந்தீங்களா?"

"இல்ல மகள். சத்தியம் ஒண்டும் இல்ல. என்னால ஏலாது. அதத்தான் சொல்ல வந்தனான். என்ன நானே திருத்த என்னால ஏலாது எண்டு ஆண்டவரிட்டச் சொல்லிட்டன். இனி அவர் செய்யட்டும் எண்டு விட்டுட்டன். போனுக்கு மன்னிச்சுக்கொள்ளு."

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"இண்டைக்கு நான் வரமாட்டன்."

அவ்வளவுதான், ஸ்டான்லியின் கழுத்தில் ஸ்டாண்டில் கண்ட அதே நரம்பு! கிறில் கம்பியைப் பிடித்திருந்த கை இறுகியது. ஷெரின் ஒரு அடி பின்னால் போனாள். தயார் பண்ணிய வசனம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ‘பிள்ளை, அப்பா மனம் மாறி வந்திருக்கிறார்’ என்று தொடங்கினால் போதும், இரண்டு பேரையும் அழவைத்திருப்பேன், அந்தத் திறமை எனக்கு உண்டு. வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன். ஆண்டவரே, நீர் செய்யும், நான் விட்டேன் என்று உள்ளே சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு நான் சும்மா இருந்ததில்லை.

அந்தக் கை மெல்ல மெல்லக் கம்பியை விட்டது.

"சரி மகள்" என்றார் ஸ்டான்லி.

அந்தச் சின்னச் சொல்லைக் கேட்டு எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது! எத்தனை மேடைகளில் கிருபை, கிருபை என்று இரண்டு மொழியிலும் சொல்லியிருப்பேன். அது ஒரு மனிதனின் கையில் வேலை செய்வதை அன்றுதான் அவ்வளவு கிட்டே நின்று பார்த்தேன். ஷெரினும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் போனவள் முன்னால் வந்தாள்.

"ஞாயித்துக்கிழம சாப்பிட வாறன். நீங்க சமைக்காதீங்க, உப்ப அள்ளிப் போடுவீங்க."

வந்தாள். அன்று சாப்பாட்டுக்கு மட்டும் வந்தவள், சில மாதங்களில் பெட்டியோடு வீட்டுக்கே வந்துவிட்டாள். ஸ்டான்லிக்குக் கோபம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. இன்னமும் வருகிறது. முன்பு முழுக் கத்தல், இப்போது பாதியில் நின்றுவிடுகிறது என்று ஷெரினே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னாள். பரிசுத்தமாகுதல் என்பது கூட்டம் முடிகிறபோது முடிகிற வேலை அல்ல என்று பாஸ்டர் சொன்னதை நான் சரியாக மொழிபெயர்த்தது நல்லதாய்ப் போயிற்று.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். சொல்லப்பட்டதை விட நன்றாகச் சொல்ல உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இந்தக் கையில் எத்தனையோ சான்றிதழ்கள் வாங்கியிருக்கிறேன். ஆனால் நான் செய்ததில் மிகச் சரியான மொழிபெயர்ப்பு எது என்று கேட்டால், தெமட்டகொடையில் அந்தக் கிறில் கதவடியில் நான் சொல்லாமல் விட்ட வசனம்தான்.