ஆமணக்கு இலையும் ஒரு சந்தேகமும்

கணவருக்குத் துறைமுக வேலையில் மாற்றலாகி நாங்கள் கொல்கத்தா வந்தபோது எனக்கு நாற்பத்தாறு வயது. பெஹாலாவில் வீடு. எப்போதோ வாங்கிய தாவரவியல் பட்டத்தை எடுத்துக்கொண்டு போய், பாலிகஞ்சில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் தற்காலிக உதவியாளராகச் சேர்ந்தேன். ஆய்வை நடத்தியவர் ஒரு பெங்காலிப் பெண்; என்னைவிடப் பத்து வயது சின்னவர். நான் அவரை மேடம் என்பேன். அவர் என்னை அக்கா என்ற பொருளில் தீதி என்பார். என் அரைகுறை பெங்காலியே எங்கள் பேச்சுக்குப் போதுமானதாக இருந்தது.

கட்டிடத்தின் பின்னால், பிளாஸ்டிக் தாள் சுற்றிய, மேலே திறந்த நான்கு கூண்டுகள். எல்லாவற்றிலும் ஆமணக்குச் செடிகள். இரண்டு கூண்டுகளுக்கு சிலிண்டரிலிருந்து கரியமில வாயுவைக் கூடுதலாக விடுவோம். மற்ற இரண்டுக்கும் சாதாரணக் காற்றுதான். இன்றைய குழந்தைகளுக்கு வயதாகும்போது காற்று எப்படி இருக்கும் என்று விஞ்ஞானிகள் எண்ணுகிறார்களோ, அந்தக் காற்றில் வளர்ந்த இலையைத் தின்னும் புழுவுக்கு என்ன ஆகும் என்பதே கேள்வி. வாயு விட்ட செடிகள் தளதளவென்று வளர்ந்தன. புழுக்களுக்கு நல்ல விருந்து என்றுதான் நினைத்தேன்.

தினமும் இலையை எடை போட்டு, ஆய்வகத்தில் புழுக்கள் இருக்கும் டப்பாக்களில் வைப்பேன். மறுநாள் மிச்ச இலை, புழு, அதன் எச்சம் எல்லாவற்றையும் தனித்தனியே எடை போடுவேன். முதல் வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு பழகிவிட்டது.

ஒருநாள் நல்ல மழை. இலைப் பைகளில் ஒட்டியிருந்த சீட்டுகள் நனைந்து உதிர்ந்துவிட்டன. இலையின் அளவைப் பார்த்து எது எந்தக் கூண்டுடையது என்று நானே முடிவுசெய்து புழுக்களுக்குப் போட்டுவிட்டேன். மாலையில் பஸ் தண்ணீரில் ஊர்ந்துகொண்டிருந்தபோதுதான், இலைகளை மாற்றிப் போட்டிருப்பேனோ என்று தோன்றியது.

வீட்டில் சொன்னேன். "ஒருநாள் இலைதானே, யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் கணவர்.

"எனக்குத் தெரியுமே" என்றேன்.

காலையில் முதல் வேலையாக மேடத்திடம் போய் நடந்ததைச் சொன்னேன்.

"நிச்சயமா மாறிடுச்சா, தீதி?"

"தெரியல மேடம். மாறியிருக்கலாம்."

அவர் டப்பாக்களைத் திறந்து புழுக்களைப் பார்த்தார். இன்னும் இரண்டு மூன்று நாளில் அவை கூட்டுப்புழுவாகிவிடும். மறுபக்கம், ஆய்வுக்கு அனுமதி தரும் குழுவின் முன் அவர் அறிக்கை வைக்க வேண்டிய நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது.

"அப்ப இது வேண்டாம். முட்டையிலிருந்து ஆரம்பிப்போம்."

குரல் உயரவே இல்லை. நான் வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னேன்.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா தப்பான எண் என் அறிக்கைக்குள்ள போயிருக்கும். உங்களுக்கு பதிலா வர்றவங்க சொல்வாங்கன்னு என்ன நிச்சயம்?" என்றார். நோட்டில், 'இலைகள் மாறியிருக்கலாம். இந்தத் தொகுதியைச் சேர்க்கவில்லை' என்று மட்டும் எழுதினார். யார் மாற்றியது என்று ஒரு வார்த்தை இல்லை. அன்று மதியம் அலுமினியத் தகட்டைத் துண்டு துண்டாக வெட்டி, ஆணியால் எண் குத்தி, பைகளில் கட்ட அவரே அடையாளத் துண்டுகள் செய்தார்.

இரண்டாவது தொகுதியில் எனக்கே வித்தியாசம் தெரிந்தது. "மேடம், வாயுக் கூண்டு இலையைப் போட்ட புழுங்க ஓயாம தின்னுது. ஆனா உடம்பு ஏறல."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. கரியமில வாயு கூடினால் இலையில் மாவுச்சத்து சேர்கிறது, அதற்கு ஈடாகப் புரதம் சேர்வதில்லை, அந்தக் குறையை ஈடுகட்டப் புழு இன்னும் அதிகமாகத் தின்கிறது என்று விளக்கினார்.

"பருப்பில்லாம வெறும் சோறு போட்ட மாதிரியா?"

"மீனும் இல்லாம!" என்று சிரித்தார். செடி பெரிதாக வளர்ந்தாலும், அதைப் புழு தின்பதும் அதிகம்.

குழுவின் முன் அவர் பேசிய அன்று நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். "ஒரே ஒரு தொகுதியை வைத்து என்ன சொல்ல முடியும்?" என்று ஒருவர் கடுமையாகவே கேட்டார்.

"அதிகம் சொல்ல முடியாது, சார். முதல் தொகுதியை நான் நம்பவில்லை, அதனால் சேர்க்கவில்லை. இன்னொரு முறை செய்து பார்த்த பிறகுதான் உறுதியாகச் சொல்வேன்."

அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். இன்னொரு பருவத்துக்கு அனுமதி கிடைத்தது. கைதட்டக் கூடாத இடம் அது. எனக்குத் தட்ட வேண்டும் போல இருந்தது.