அவர் போனை எடுத்த பெண்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு கார்த்திகை மாதத்தில் நடந்தது இது. எங்கள் ஊர் ஜவ்வாது மலையில் இருக்கிறது. ஜமுனாமரத்தூர் பஸ்ஸில் வந்து ரோட்டு முனையில் இறங்கி, கீழே கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். ஊருக்குள் போன் எடுக்காது. ரோட்டு முனை டீக்கடைக்கு ஏறிப் போனால் சிக்னல் ஒன்றிரண்டு கோடு காட்டும். நிம்மதியாகப் பேச வேண்டுமென்றால் ஜமுனாமரத்தூருக்குத்தான் போக வேண்டும்.

என் வீட்டுக்காரர் புளி, சாமை ஏற்றுகிற மினி லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். நடு வயதைத் தாண்டிய பிறகு அவருக்கு வளைகுடா நாடு ஒன்றில் தண்ணீர் லாரி ஓட்டும் வேலை அமைந்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் நானும் அவருடைய அக்காவும்தான். கிளம்புவதற்கு முந்தின வாரம், அங்கே போனால் போன் எப்படிப் பேசுவது என்று கேட்க இரண்டு பேரும் ஜமுனாமரத்தூர் போன் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் பொறுமையாகத்தான் சொன்னார். இங்குள்ள நம்பரிலேயே ரோமிங் போடலாம், நமக்குக் கட்டுப்படியாகாது. அந்த ஊர் சிம்மில் நெட் பிளான் மலிவு, ஆனால் நெட்டில் பேச எங்கள் ஊரிலும் நெட் வேண்டுமே. கடைசியில், அந்த ஊர் சிம்மில் இந்தியாவுக்குக் கொஞ்ச நேரம் பேசுகிற பிளான் ஒன்றை மாதாமாதம் போடுவது என்று முடிவானது. சந்தை நாளில் நான் ஜமுனாமரத்தூர் வந்து நிற்பேன், அவர் கூப்பிடுவார்.

"அப்ப பழைய நம்பர இந்த அக்காகிட்டயே குடுத்துட்டுப் போங்கண்ணே. எல்லாரும் அதுக்குத்தான போன் போட்றாங்க" என்றார் கடைக்காரர்.

"அதெப்டிப்பா? பேங்க் மெசேஜ் எல்லாம் அதுலதான வரும். இவ அத்த வெச்சிகினு இன்னா பண்ணுவா? இவளுக்கு ஒரு பட்டன் போன் குடு, புது சிம் போட்டு."

"ரோமிங் போடலன்னா அங்க அது வேல செய்யாதுண்ணே."

"தேவப்பட்டா போட்டுக்கறேன்."

நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அதில் தப்பாக எதுவும் தெரியவில்லை. ரேஷன் கடை, கேஸ், ஆஸ்பத்திரி என்று எங்கே வீட்டு நம்பர் கேட்டாலும் நாங்கள் சொன்னது அவருடைய நம்பரைத்தான். எங்களிடம் இருந்ததே அந்த ஒரு நம்பர்தான்.

நாலைந்து மாதம் நன்றாகத்தான் போனது. சந்தை நாளில் பஸ் ஸ்டாண்டு புளியமரத்தடியில் நிற்பேன். மணி அடிக்கும். "சாப்டியா?" என்பார். "ம்" என்பேன். "அக்கா எப்டி கீது?" என்பார். "கீறாங்க" என்பேன். சுற்றி ஜனம் இருக்கும்போது அதற்கு மேல் எனக்குப் பேச வராது. அவரே ஏதாவது சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டு வைத்துவிடுவார்.

கார்த்திகையில் ஒரு சந்தைக்கு அவர் போன் வரவில்லை. அடுத்த சந்தைக்கும் வரவில்லை. வெளிநாட்டுக்குப் பேசுகிற மாதிரி ரீசார்ஜ் செய்துகொண்டு அவருடைய அந்த ஊர் நம்பருக்கு நானே அடித்தேன். ஒரு பெண் எடுத்தாள். புரியாத பாஷையில் மளமளவென்று பேசினாள். பயந்துபோய் வைத்துவிட்டேன். மறுபடி அடித்தேன். அதே பெண், அதே குரல்.

நாத்தனாரிடம் சொன்னேன். மறுநாளே என்னை டீக்கடை முனைக்கு இழுத்துக்கொண்டு போய் போனை வாங்கினார்.

"யார்டி நீ? என் தம்பிகிட்ட குடுடி போன!" என்று கத்தினார். அந்தக் குரல் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தது. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எம்மா திமிரு பாத்தியா? நான் இவ்ளோ கத்தறேன், காதுலயே வாங்கல அவ."

டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அன்றோடு ஊர் முழுக்கத் தெரிந்துபோனது. "இன்னாமே, ஒம் புருசன் அங்க ஷேக்கா ஆய்ட்டானாமே?" என்று தண்ணீர்க் குழாயில் கேட்டார்கள். அவரை அனுப்பிவைத்த வேலூர் ஏஜென்ட் "விசாரிக்கறேன்மா" என்று ஒரு தடவை சொன்னார், பிறகு போனை எடுக்கவில்லை. போன் கடைக்காரரிடம் கேட்டிருக்கலாம். என் வீட்டுக்காரர் போனை ஒரு பொம்பளை எடுக்கிறாள் என்று ஒரு ஆம்பிளையிடம் எப்படிச் சொல்வது?

அடுத்த சந்தையில் ஒரு ஓரமாக உட்கார்ந்து மறுபடி அடித்தேன். பக்கத்தில் போளூரிலிருந்து வாராவாரம் வந்து நைட்டி, துண்டு விற்கிற ஒரு பாய் வீட்டு அம்மா கடை போட்டிருந்தார். நான் அடிப்பதும் வைப்பதுமாக இருந்ததைப் பார்த்திருக்கிறார்.

"இன்னாமா, யாருக்குப் போட்ற? ஏன் அழுவுற?"

போனை நீட்டினேன். திரும்ப அடித்துக் காதில் வைத்தார். குரலைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

"அரே, இவளா! இவள எனக்கு ஏழெட்டு வருஷமா தெரியும். அந்த ஊர்லதான் வூட்டு வேல செஞ்சேன். பொம்பள இல்லமா இவ, போன் கம்பெனி மிஷினு. அரபில பேசிட்டு அப்பறம் இங்கிலீஷ்ல சொல்லுவா. நீ அதுவரைக்கும் கேட்டதே இல்லியா?"

கேட்டதில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் வாயைத் திறந்ததும் நான் வைத்துவிட்டிருந்தேன்.

எனக்கும் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரித்தேன். அந்த அம்மா மறுபடி காதில் வைத்து இங்கிலீஷ் வரும்வரை கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தவரின் முகம் மாறியது.

"ஸ்விட்ச் ஆஃப்னு சொல்றா. எத்தினி நாளா இப்டியே சொல்றா?"

"மூணு சந்தையா" என்றேன்.

கம்பெனி பெயரையும் என் வீட்டுக்காரர் பெயரையும் எங்கள் ஊரையும் கேட்டார். தன் கொழுந்தனார் அந்த ஊரில்தான் டிரைவராக இருக்கிறார், போய்ப் பார்க்கச் சொல்கிறேன் என்றார். திரும்பி வருகிற பஸ்ஸில் நான் வேண்டிக்கொண்டதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஊர் சொன்னதே நிஜமாக இருக்கட்டும், அங்கே ஒரு பெண்ணோடு அவர் நன்றாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

நாலு நாள் போயிருக்கும். நானும் நாத்தனாரும் சாமைக் கதிர் அடித்துக்கொண்டிருந்தோம். நைட்டிக்கார அம்மா எங்கள் வீட்டு வழியில் இறங்கி வந்தார். அன்று சந்தை இல்லை. தலையில் துணி மூட்டையும் இல்லை. அப்போதே கதிரைக் கீழே போட்டுவிட்டேன். ரோட்டில் இறங்கி, வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

"உசுரோட கீறாரு" என்றுதான் ஆரம்பித்தார். "வண்டிலேந்து எறங்கும்போதே மயங்கி வுழுந்துட்டாராம். மூளைல ரத்தம் கசிஞ்சிட்ச்சாம். பெரிய ஆஸ்பத்திரில வெச்சிகிறாங்க. பேச்சு இல்ல. கம்பெனிக்காரங்க வூட்டு நம்பருக்கு அவ்ளோ தடவ போட்டாங்களாம், ஒரு தடவகூட போகலியாம்."

"எந்த நம்பருமா?"

கையில் எழுதி வைத்திருந்ததைப் படித்தார். எங்கே கேட்டாலும் வீட்டு நம்பர் என்று நாங்கள் சொல்கிற அவருடைய பழைய நம்பர். அந்த சிம் ரோமிங் போடாமல் அவருடைய பர்ஸுக்குள்ளேயேதான் இருந்தது.

நாத்தனார் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நைட்டிக்கார அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். "அப்பறமா அழுவலாம். என் கொழுந்தனார் இப்ப அவரு கட்டில்கிட்டதான் நிக்கறாரு. கெளம்பு."

மேட்டில் ஏறி டீக்கடைக்கு வந்தோம். அந்த அம்மா தன் போனில் அடித்து ஏதோ உருதுவில் பேசிவிட்டு என்னிடம் கொடுத்தார். "கொழுந்தனாரு போன அவரு காதுல வெச்சிட்டாரு. பேசு."

கடையில் ஐந்தாறு ஆம்பிளைகள் இருந்தார்கள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "ஏங்க" என்றேன். அதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை. போனில் ஏதோ மெஷின் டிக் டிக்கென்று ஓடுகிற சத்தம் மட்டும் வந்தது.

அந்த அம்மா அவர்கள் பக்கம் திரும்பினார். "இன்னா வேடிக்க இங்க? எழுந்து அந்தாண்ட போங்க. டீ ஆறிப்போனா நான் வேற வாங்கித் தரேன்." டம்ளரும் கையுமாக எழுந்து போனார்கள். அவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றார். "வூட்ல பேசற மாதிரி பேசுமா. அழுவாத. அவருக்குக் கேக்கும்."

பேசினேன். சாமை இந்த வருஷம் நன்றாக விளைந்திருக்கிறது என்றேன். வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டிருக்கிறது, ரெண்டும் கிடா என்றேன். உங்கள் அக்கா உங்கள் போனில் ஒரு மெஷினோடு சண்டை போட்டார் என்றேன். கூரையில் அந்த மூலையில் ஒழுகுகிறது, நீங்கள் வந்துதான் பார்க்க வேண்டும் என்றேன். சட்டை எத்தனை கொண்டுபோனீர்கள், குளிர் அடிக்கிறதா, சோறு பிடிக்கிறதா என்று கேட்டேன். பதில் வராது என்று தெரிந்தும் கேட்டேன். பேட்டரி தீரும்வரை நிறுத்தவில்லை.

அவர் கண்ணில் தண்ணீர் வந்தது என்று கொழுந்தனார் பிறகு சொல்லி அனுப்பினார். என்னைத் தேற்றுவதற்காகவும் சொல்லியிருக்கலாம். நான் திருப்பிக் கேட்கவில்லை.

அடுத்த சந்தை வருவதற்குள் அவர் போய்விட்டார். உடல் வந்து சேர நாளானது. சென்னையிலிருந்து ஆம்புலன்ஸ் மலை ஏறி வந்தபோது அந்த அம்மாவும் போளூரில் ஏறிக்கொண்டு கூடவே வந்தார்.

அவரோடு நான் அத்தனை வருடம் குடும்பம் நடத்தினேன். அவர் கேட்டதற்கெல்லாம் "ம்" என்றே காலத்தை ஓட்டிய எனக்கு, அவரால் ஒரு வார்த்தைகூடத் திருப்பிச் சொல்ல முடியாத அந்த ஒரு நாளில்தான் பேச்சு வந்தது என்பதை இன்றும் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.