பிக்கப்புக்கு ரெண்டு பட்டை

பட்டை வேலை செய்கிற எங்களுக்கு ரோட்டில் எது போனாலும் அதன் பின்புறம்தான் முதலில் கண்ணில் படும். வண்டியின் பின்புறத்தைச் சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். சக்கரத்துக்கு மேலே அடுக்கடுக்காக வளைந்து நின்று பாரம் தாங்குகிற இரும்புத் தகடுகளுக்குத்தான் பட்டை என்று பெயர். விருத்தாசலத்தில் களிமண், கரும்பு, பீங்கான் என்று ஏற்றுவதெல்லாம் கனம், அதனால் எங்களுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. பட்டை முறிந்து நடுரோட்டில் நின்ற அன்பர்களே, உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. செல்வி அக்காவின் பிக்கப் வந்த கதையை மட்டும் கேளுங்கள்.

வானம் பார்த்த லைட்டு

செல்வி அக்கா செராமிக் பொம்மை யூனிட் நடத்துகிறார். இடுப்புயர யானைகள், ஆள் தூக்க முடியாத பிள்ளையார்கள், பூந்தொட்டிகள். பாண்டிச்சேரியில் ஒரு ஓட்டல்காரர் தோட்டத்துக்கென்று மொத்தமாக ஆர்டர் கொடுத்திருந்தார். வாடகை லாரியில் போன முதல் லோடு, தும்பிக்கை வேறு யானை வேறாகப் போய்ச் சேர்ந்தது. இன்னொரு லோடும் உடைந்தால் ஆர்டர் கைவிட்டுப் போகும், யூனிட்டை மூட வேண்டியதுதான் என்ற நிலை.

யாரையும் நம்ப வேண்டாமென்று சொந்தப் பிக்கப்பில் டிரெய்லரை மாட்டி, விடியலில் அக்காவே ஓட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஊர் எல்லையைத் தாண்டவில்லை, திரும்பி எங்கள் பட்டறைக்கு வந்துவிட்டார். டிரெய்லரின் கனம் கொக்கியை அழுத்த, பிக்கப் பின்னால் உட்கார்ந்து முன்னால் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. இறங்கியதும் அவர் சொன்னது: "லைட்டைப் போட்டா தென்ன மரத்துல எளநி தெரியுது மேஸ்திரி, ரோடு தெரியலை."

சொன்னது ரெண்டு, போட்டதும் ரெண்டு

என் மச்சான் குமரேசன் பட்டறைக்கு வந்து சேர்ந்த புதிது. அதுவரை கோயில் வாசலில் விபூதி, குங்குமக் கடையில் இருந்தவன். நான் ஒரு லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டு, "அக்கா வண்டிக்கு ரெண்டு பட்டை போட்டு வைடா" என்று கத்தினேன். டீ குடித்துவிட்டு வந்த செல்வி அக்கா வண்டி முன்னால் அப்படியே நின்றுவிட்டார். பிக்கப்பின் பானெட்டில் பளிச்சென்று மூன்று விரல் விபூதிப் பட்டை! டிரெய்லரின் நெற்றியிலும் ஒன்று!

"ரெண்டுன்னு சொன்னீங்களே மாமா, அதான் வண்டிக்கு ஒண்ணு, டிரெய்லருக்கு ஒண்ணு" என்றான் குமரேசன். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. கலங்கிப்போய் வந்த அக்காவோ அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். "பட்டை நல்லாத்தாங்க இருக்குது. ஆனா பாரத்தைச் சாமியா வந்து தாங்கும்?"

நிமிர்ந்த வண்டி

பொம்மைகளை யூனிட்டில் இறக்கிவைத்த பிறகு வேலையில் இறங்கினேன். எனக்கோ உற்சாகம் தாங்கவில்லை. நல்ல தடிமனான பட்டைகளாக எடுத்து இரண்டு பக்கமும் ஏற்றினேன். சூளையில் கோணிப்போன தொட்டிகளை ஏற்றி, குமரேசனைப் பின்னால் உட்காரவைத்து சேத்தியாத்தோப்பு ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். வண்டி ஒரு விரற்கடைகூடக் குனியவில்லை. ஆகா, ஜெயித்துவிட்டோம் என்று ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டி ஓட்டினேன்.

திரும்பி வந்து பார்த்தால் தொட்டிகளில் பாதி ஓடு ஓடாகக் கிடந்தது. பட்டை விறைத்துப்போனதில் ரோட்டின் ஒவ்வொரு குழியும் நேரே சரக்கில் இடித்திருக்கிறது. குமரேசன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். "வண்டி நிமிந்துடுச்சு மாமா, எனக்குத்தான் நிமிர முடியலை!"

முதல் மரியாதை

போட்டதைக் கழற்றினேன். பாரம் ஏறி அழுத்தினால் மட்டும் தொடுகிற மாதிரி மெல்லிய துணைப் பட்டை வைத்தேன். ஷாக் அப்சார்பரையும் மாற்றினேன். துள்ளல் போய்விட்டது. ஆனாலும் பொம்மைகளை ஏற்றிவிட்டு அக்கா கூப்பிட்டபோது யூனிட்டுக்குப் போய்ப் பார்த்தால், வண்டி லேசாகப் பின்னால் குந்தியிருந்தது. ஏன் என்று புரியாமல், ஏற்றியதையெல்லாம் இறக்கி மறுபடி ஏற்றச் சொல்லி அங்கேயே நின்று பார்த்தேன்.

பேக்கிங் பார்க்கிற தனலட்சுமி அம்மா, "முதல்ல பிள்ளையாரு" என்று குரல் கொடுக்க, இருப்பதிலேயே கனமான பிள்ளையாரைக் கொண்டுபோய் டிரெய்லரின் மூக்கில், நேராகக் கொக்கிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள்! அவருடைய மொத்தக் கனமும் பிக்கப்பின் முதுகில்! காரணம் பிடிபட்டதில் எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. அவரைச் சக்கரத்துக்கு நேர் மேலே நகர்த்த வேண்டும். ரொம்பப் பின்னால் போனாலும் டிரெய்லர் வாலாட்டும். சாமியை நகர்த்து என்று எப்படிச் சொல்வது? தயங்கித் தயங்கிச் சொன்னேன். தனலட்சுமி அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவரு முதல்ல ஏறணும்னுதாங்க சொன்னேன், முன்னாடி உக்காரணும்னு நான் சொல்லலையே!"

ஒண்ணே ஒண்ணு

பிள்ளையார் நகர்ந்தார், பிக்கப் சமமாக நின்றது, செல்வி அக்கா கிளம்பினார். அன்றைக்குப் பட்டறையில் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஸ்பேனரை எடுப்பதும் போனைப் பார்ப்பதுமாக இருந்தேன். ஒரு வழியாகப் போன் வந்தது.

"எல்லாத்தையும் எறக்கிட்டோம் மேஸ்திரி. ஒண்ணே ஒண்ணுதான் ஒடஞ்சுது" என்றார். "யானையா, பிள்ளையாரா?" என்று பதறினேன். எதிர்முனையில் சிரிப்புச் சத்தம். "ஓட்டல்காரரு பிள்ளையாருக்கு ஒடச்ச தேங்காங்க! அடுத்த லோடும் நம்மளதுதான்னு சொல்லிட்டாரு!"

இப்போதெல்லாம் எங்கள் பட்டறையை விட்டுப் போகிற ஒவ்வொரு வண்டிக்கும் அடியில் நான் ஒரு பட்டையும் நெற்றியில் குமரேசன் ஒரு பட்டையும் போட்டுத்தான் அனுப்புகிறோம். பாரம் தாங்குவது எது என்று வாடிக்கையாளரும் கேட்பதில்லை, நாங்களும் சொல்வதில்லை.